லிஃப்ட்காரர் தள்ளிவைத்த ஊர்

அவர் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று சொல்ல முடியாது. உருப்படாமல் போயிருந்தாலும் போயிருப்பார். படிக்காத காரணத்தால் முப்பத்தோரு ஊர்களில் லிஃப்ட் மாட்டினார். படித்த எஞ்சினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது, இவர் குழிக்குள் இறங்கி, மேலிருந்து தொங்கும் தூக்குக்குண்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "மூணாவது மாடிச் சுவர் அரை விரல் உள்ள வந்திருக்கு. உளி எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்பார். டேப்பை வைத்து அளந்தால் சரியாக அரை விரல் இருக்கும். முக்கால் விரல் இருந்ததாகவோ கால் விரல் இருந்ததாகவோ ஒரு பேச்சு கிடையாது.

வீட்டிலும் தெருவிலும் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பேர். அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் அட்டையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

இத்தனை ஊர் பார்த்தவருக்கு ஊர்களைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமலா இருக்கும்? வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். நல்ல ஊர் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். பிடிக்காத ஊர் என்றால், "அந்த ஊர்ப் பக்கம் இனி தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்பார். அப்படித் தள்ளிவைத்த ஊர்கள் ஒன்பது. அவற்றின் சொந்தப் பேரை வாயால் சொல்வதும் இல்லை; தானே ஒரு பேர் வைத்துவிடுவார். கொசு ஊர் ஒன்று. எதைக் கேட்டாலும் 'அப்புறம்' என்று பதில் வந்த ஊர், அப்புறம் ஊர். தங்கிய அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் விடிய விடிய குறட்டை விட்ட ஊர், குறட்டை ஊர்.

"அந்தாளு அந்த ஊர்க்காரனே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"இல்லைதான். ஆனா அங்க வந்துதானே விட்டான்?"

"ஒன்பது ஊருக்கும் தலைவைக்காம படுக்கணும்னா, நீங்க நின்னுக்கிட்டுத்தான் தூங்கணும்."

ஒன்பதிலும் முதல் மரியாதை கோணல் ஊருக்கு. அந்த ஊரில் எதுவும் நேராக நிற்காது என்பது அவர் கட்சி. நாற்காலி ஆடும், கட்டில் ஆடும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். டம்ளரில் ஊற்றின தண்ணீர்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

"தண்ணி எப்படிப்பா சாயும்?" என்று மகள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள்.

"மத்த ஊர்த் தண்ணி சாயாது. அந்த ஊர்த் தண்ணி சாயும்."

ஒரே மகள். அவள் வளர்ந்து, எக்ஸ்ரே எடுக்கிற படிப்புப் படித்து, வேலை கிடைத்துப் போனது எந்த ஊருக்கு என்று நினைக்கிறீர்கள்? கோணல் ஊருக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரி, நல்ல வேலை. லிஃப்ட்காரர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் பசித்தது. மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. அவர் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. லீவுக்கு அவள் வரும்போதெல்லாம் வாசலில் நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இன்னும் நேராத்தான் நிக்கிறே. பரவாயில்ல" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். அப்பா வராதது அவளுக்கு வருத்தம் என்பது அவள் அம்மாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"அப்பா, வீடு வாங்கிட்டேன்! பத்து மாடிக் கட்டடம்பா. எல்லாம் நீங்க சொன்னபடிதான்."

"நான் என்ன சொன்னேன்?"

"கட்டடத்தைப் பார்க்காதே, லிஃப்டைப் பாருன்னு சொல்லுவீங்கல்ல? என் மூணு புள்ளி இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு?"

சொல்லியிருக்கிறார். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். லிஃப்ட் மாட்டி முடித்ததும், தரைத்தளத்துக் கதவுக்கு மேலே இருக்கிற எஃகுத் தகட்டில், உளியால் மூன்று புள்ளி குத்திவிட்டு வருவது அவர் வழக்கம். மகள் சின்னவளாக இருந்தபோது, உள்ளூரில் மாட்டின லிஃப்டுகளுக்கெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு போய், அந்தப் புள்ளிகளை விரலால் தொடச் சொல்லுவார். மற்ற பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடின வயசு அது.

"பதினாலு கட்டடம் பார்த்தேன்பா. டார்ச் அடிச்சு அடிச்சு ஒவ்வொரு லிஃப்டு மேலயும் தேடினேன். ஒரு வாட்ச்மேன் என்னைத் திருடின்னே நினைச்சுட்டாரு. பதினஞ்சாவதுல இருந்துச்சு, மூணு புள்ளி. அங்கேயே முடிவு பண்ணிட்டேன், மேல ஏறிக்கூடப் பார்க்கலை."

லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்தார். "எத்தனாவது மாடி?"

"ஏழு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க வந்து முதல்ல உள்ள காலை வைக்கணும். நீங்க வராம நான் குடிபோக மாட்டேன். இந்த வாடகை வீட்டை இருபதாம் தேதி காலி பண்ணியாகணும். பார்த்துக்கங்க."

"இடுப்புல ஒரு வலிம்மா..."

"இடுப்பை எடுத்துக்கிட்டே வாங்க. படம் எடுத்துப் பார்த்துடலாம்."

இனி நடந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்ட அவர் எட்டு வாரம் இருந்தார். எட்டு வாரமும் மழை. கடைசி நாள், லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தரைக்கு நேராக நிற்கும்படி சரிபார்த்துக்கொண்டு வந்தார். ஏழாம் மாடிக்கு வந்தால், அங்கே இன்னும் டைல்ஸ் போடவில்லை. வெறும் சிமெண்ட் தரை. டைல்ஸ் போட்ட பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும். இது நாலாம் வகுப்புகூடப் படிக்காதவனுக்கும் தெரியும். ஆனால் ஐந்து மணிக்கு ரயில். ஊரைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. "டைல்ஸ் கனம் ஒரு விரல் வரும்" என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு நிறுத்தத்தை வைத்துவிட்டு, மூன்று புள்ளியையும் குத்திவிட்டு ரயில் ஏறிவிட்டார். டைல்ஸ் போட்ட மேஸ்திரி தாராள மனசுக்காரன். அடியில் சிமெண்டை அள்ளிப் போட்டு மூன்று விரல் கனத்துக்கு ஏற்றிவிட்டான். ஆக, லிஃப்ட் ஏழாம் மாடியில் மட்டும் தரைக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: வந்து சரிசெய்து கொடுங்கள். லிஃப்ட்காரருக்கு எந்த ஊரிலிருந்தும் அதற்கு முன்னால் அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. "என் கை பட்ட லிஃப்டுக்கு என்னை மறுபடி கூப்பிட்ட ஆள் கிடையாது" என்று அந்த வாரம்தான் ஒரு கூட்டத்தில் மார் தட்டியிருந்தார். தன் கையாலேயே பதில் எழுதிப் போட்டார். அதோடு அந்த ஊர் கோணல் ஊராகிவிட்டது. கடிதம் வந்ததும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, பதில் போனதும் தெரியாது.

இப்போது மகள் அந்த ஏழாம் மாடியில் குடியேறப்போகிறாள். அதுவும் அவர் புள்ளியை நம்பி.

பதினேழாம் தேதி வரைக்கும் இடுப்பு வலித்தது. பதினெட்டாம் தேதி மகளிடமிருந்து போன். "சாமான் எல்லாம் கட்டியாச்சு. நீங்க வரலைன்னா, ஆஸ்பத்திரி சைக்கிள் ஷெட்டுல இறக்கி வச்சுட்டு நானும் அங்கேயே உக்கார்ந்துக்குவேன். நான் உங்க பொண்ணுதானே?"

அவள் செய்வாள். பிடிவாதம் அவர் கொடுத்த சொத்து. பெண்ணையும் சைக்கிள் ஷெட்டில் உட்கார வைக்க முடியாது, பேரையும் விட முடியாது. லிஃப்ட்காரர் யோசித்தார். லிஃப்ட் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது, உள்ளே தண்டவாளத்தின் பக்கத்தில் மாட்டியிருக்கிற ஒரு சின்னத் தகடு. அதை இரண்டு விரல் மேலே ஏற்றினால் தீர்ந்தது. பதினைந்து நிமிஷ வேலை. மகளிடம், "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்துடறேன்" என்றார். ரயில் அந்த ஊரைத் தொடுவது ஒன்பதுக்கு.

"நானும் வர்றேன்" என்றாள் மனைவி.

"நீ அடுத்த நாள் வா. முதல்ல நான் போய் ஊரைப் பார்க்கறேன்."

"இடுப்பு வலிக்கு எதுக்கு ஸ்பேனர்?" பைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள். அவர் காதில் விழாத மாதிரி ஜிப்பை மூடினார்.

கட்டடம் கொஞ்சம் கறுத்திருந்தது. மற்றபடி அவர் விட்டுப்போன இடத்திலேயே நின்றது. வாசலில் வாட்ச்மேன், "யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"லிஃப்டை."

கையில் பை, பேச்சில் அதிகாரம். சர்வீஸுக்கு வந்த ஆள் என்று வாட்ச்மேன் வழிவிட்டார். கூடவே ஓர் அம்மாள் ஏறினார். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஏழாம் மாடியில் ஆரம்பத்திலிருந்தே இருப்பவர், எல்லோருக்கும் டைப் டீச்சர். லிஃப்ட் ஆறைத் தாண்டியதும், "கால்" என்றார்.

"என்னம்மா?"

"ஏழுல காலைத் தூக்கணும். ஊருக்குப் புதுசா?" லிஃப்ட் நின்றது. டீச்சர் கையில் இருந்த காய்கறிப் பை ஆடாமல், பார்க்காமல், காலை அளவாகத் தூக்கி வெளியே வைத்தார். "எவனோ ஒரு லிஃப்ட் மேஸ்திரி மாட்டிட்டுப் போனான். அவனுக்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியலை போல."

"தரை ஏறியிருக்கும்மா" என்றார் லிஃப்ட்காரர், தன்னை அறியாமல்.

"அவனும் அதைத்தான் எழுதினான்! வாங்கன்னு கூப்பிட்டதுக்கு என்ன பதில் போட்டான் தெரியுமா? 'எங்க லிஃப்ட் சரியாத்தான் நிக்குது, உங்க ஊர்தான் ரெண்டு விரல் மேல நிக்குது.' நான்தான் குடியிருக்கறவங்க சங்கத்து ஃபைல்ல ஒட்டி வச்சேன். எழுத்துப் பிழை மட்டும் ஒன்பது."

ஒன்பது இருக்காது, ஏழெட்டுத்தான் இருக்கும் என்று அவருக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

டீச்சர் வீட்டுக்குள் போனதும், 'வேலை நடக்கிறது' பலகையை வாட்ச்மேனை மாட்டச் சொல்லிவிட்டு, முக்கோணச் சாவியால் கதவைத் திறந்து, லிஃப்டின் தலைமேல் ஏறினார். அறுபத்தாறு வயது. இந்தக் காலத்துப் பையன்கள் யாராவது அப்படி ஏறட்டும் பார்க்கலாம். தகட்டின் போல்ட் துருப்பிடித்திருந்தது. இரண்டு அடி அடித்ததும் யாரென்று தெரிந்துகொண்டு வழிவிட்டது. இரண்டு விரல் மேலே. இறுக்கினார். இறங்கி ஓட்டிப் பார்த்தார். ஏழில் லிஃப்டும் தரையும் ஒரே பலகை மாதிரி நின்றன. ஒரு நாணயத்தை உருட்டிவிட்டார். இரண்டும் சேரும் கோட்டைத் தாண்டி எதிர்வீட்டுக் கதவுவரைக்கும் தடங்கலில்லாமல் ஓடியது. பதினான்கு நிமிஷம். பத்தொன்பது வருஷத்து முள் எடுபட்டது. தெருமுனைக்குப் போய், பதினொன்றரை வரைக்கும் டீக்கடையிலேயே உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். டம்ளரில் டீ நேராக நின்றது. பரவாயில்லை, ஊர் திருந்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் டீக்கடையில் இருந்த நேரத்தில் டைப் டீச்சர் கீழே போக வந்தார். பத்தொன்பது வருஷமாக ஏழில் லிஃப்டுக்குள் போவதென்றால் இரண்டு விரல் இறங்க வேண்டும். கால் இறங்கியது, தரை இறங்கவில்லை. டீச்சர் தடாலென்று எதிர்க் கண்ணாடியில் தன் முகத்தையே முட்டிக்கொண்டார். அடுத்தது, வெளியே வந்த தையல்காரர். இல்லாத படியில் காலைத் தூக்கி வைத்து, கொண்டுவந்த துணிமூட்டையோடு நாலடி ஓடி நின்றார். அதற்கடுத்து தையல்காரர் மனைவி, கடிதம் கொடுக்க வந்த தபால்காரர். இன்னும் இரண்டு பேர். ஏழாம் மாடியில் கால் பழகாத ஆளே அந்தக் கட்டடத்தில் கிடையாது.

லிஃப்ட்காரர் திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலில் ஒரு கூட்டமே நின்றது.

"எவன் கை வச்சது?"

"நல்லாப் போய்ட்டிருந்த லிஃப்டு!"

"ஒரு பெரியவர் பையோட வந்தாருங்க, சர்வீஸ்னு நினைச்சேன்..." என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் ஓசைப்படாமல் பின்வாங்கித் திரும்பினார். திரும்பின இடத்தில் மகள் நின்றாள், ஆஸ்பத்திரிக் கோட்டோடு.

"அப்பா! அதுக்குள்ள வந்துட்டீங்களா?" முகமெல்லாம் சிரிப்பு. உடனே குரலைத் தாழ்த்தினாள். "காலையிலேர்ந்து மூணு கணுக்கால்பா. எலும்புக்கு ஒண்ணுமில்ல, சுளுக்குத்தான். மூணு பேரும் நம்ம கட்டடம். எப்படி ஆச்சுன்னா, 'லிஃப்ட் நேராயிடுச்சு'ங்கறாங்க. என்னப்பா அர்த்தம்?"

"இவருதான்! இவரேதான்!" என்று வாட்ச்மேன் கை நீட்டினார்.

கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. மகளும் பார்த்தாள். அவள் பார்வை அவர் முகத்திலிருந்து கையில் இருந்த பைக்கு இறங்கி, அங்கிருந்து லிஃப்ட் கதவுக்கு மேலே இருந்த மூன்று புள்ளிக்குப் போயிற்று. சர்வீஸ் ஆள் என்று சொல்லிவிட்டால் கூட்டம் நம்பும். மகள் நம்ப மாட்டாள்.

"நான்தான்" என்றார். "இன்னைக்குச் சரிபண்ணினதும் நான்தான். அன்னைக்குத் தப்பா வச்சதும் நான்தான். டைல்ஸ் போடறதுக்கு முன்னாலயே மட்டம் பார்த்துட்டேன். ரயிலுக்கு நேரமாச்சுன்னு அவசரம்."

டைப் டீச்சர் நெற்றியைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். "ஊர்தான் மேல நிக்குதுன்னு எழுதின ஆளா?"

"எழுதினேன்."

"ஒன்பது பிழை."

"இருக்கும்மா."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்காகவா பத்தொன்பது வருஷமா ஒரு ஊரையே திட்டினீங்க? தண்ணி சாயும்னு சொன்னீங்களேப்பா." அப்புறம் குரல் மாறிப்போயிற்று. "இதுக்காகவா ரெண்டு வருஷமா நான் இருக்கிற இடத்துக்கு வரலை?"

மனிதர் எத்தனையோ குழியில் நின்றிருக்கிறார். அப்படி ஓர் ஆழத்தில் நின்றதில்லை. பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"அப்பா மகள் கதையெல்லாம் அப்புறம்" என்றார் தையல்காரர். "லிஃப்டைப் பழையபடி இறக்கி வைக்கச் சொல்லுங்க. எங்களுக்கு அதுதான் பழக்கம்."

"இறக்க மாட்டேன்" என்றார் லிஃப்ட்காரர். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "திட்டறதுன்னா திட்டிக்கங்க. தெரிஞ்சே கோணலா வைக்க எனக்குக் கை வராது."

"இறக்க வேண்டாம்" என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏழாம் மாடியில என் வீடும் இருக்கு. எனக்கு நேராத்தான் வேணும்."

"சரி, நாங்க பழகற வரைக்கும் விழுந்துக்கிட்டே இருக்கறதா? யார் பொறுப்பு?"

டைப் டீச்சர் யோசித்தார். எத்தனை பேர் விரலை எழுத்து எழுத்தாகப் பழக்கியவர். "விரல் பழக மூணு மாசம் ஆகும். கால் கொஞ்சம் சீக்கிரம் பழகும். மேஸ்திரியே ஏழுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காரட்டும். கதவு திறக்கிறப்பல்லாம் சொல்லட்டும். எங்க காலைக் கெடுத்தவரு எங்க காலைத் திருத்தட்டும்."

அப்படித்தான் ஆயிற்று. மகள் வீட்டில் முதல் காலை வைத்தது அவர்தான். வைத்த கையோடு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். காலை ஏழு முதல் ஒன்பது வரை, சாயங்காலம் நாலு முதல் ஏழு வரை. கதவு திறந்தால், "நேரா நடங்க! படி இல்லை, நேரா!" மறுநாள் வந்து இறங்கின மனைவி அவரைப் பார்த்துவிட்டு, "இவருக்கு உத்தியோகம் கிடைச்சிருச்சா?" என்றாள். விஷயத்தை மகள் சொன்னதும் சமையலறைக்குள் போய் அரைமணி நேரம் சிரித்துவிட்டு வந்தாள்.

நாலாம் நாள் தபால்காரர் பழகிவிட்டார். ஒரு வாரத்தில் தையல்காரர். பத்து நாளில் எல்லோரும் நேராக நடந்தார்கள். அத்தனை வேகமாக ஒரு கட்டடத்துக்கே நடை சொல்லிக்கொடுத்த ஆள் வேறு யாரும் இருக்க முடியாது. பாக்கி டைப் டீச்சர் ஒருத்தர்தான். அவர் மட்டும் ஏழு வந்ததும் காலைத் தூக்கினார். நாளாக நாளாக இன்னும் உயரமாகத் தூக்கினார்.

"வயசு ஆச்சுல்ல, மெதுவாத்தான் வரும்" என்று லிஃப்ட்காரர் வீட்டில் சொன்னார். "டீச்சர் பழகிட்டா நாம ஊருக்குக் கிளம்பிடலாம்."

பதினேழாம் நாள் மத்தியானம், பால்கனியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மகளும் டைப் டீச்சரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முட்டி வலிக்குதும்மா. எத்தனை நாளைக்குத்தான் தூக்கறது?"

"இன்னும் ஒரு வாரம் டீச்சர். நீங்க நேரா நடந்தீங்கன்னா, அவரு மறுநாளே பையைத் தூக்கிடுவாரு. எனக்கு அப்பாவைத் தெரியும்."

லிஃப்ட்காரர் துண்டைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துண்டுதான். மறுபடியும் பிழிந்தார். பிறகு செருப்புச் சத்தம் கேட்கும்படி தேய்த்துத் தேய்த்து நடந்து உள்ளே வந்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் லிஃப்ட் ஏழில் வந்து நின்றது. கதவு திறந்தது. டைப் டீச்சர் காய்கறிப் பையோடு காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, ஆகாயத்தில் ஒரு படியைத் தாண்டி வெளியே வைத்தார்.

"நேரா நடங்க டீச்சர், நேரா!" என்றார் லிஃப்ட்காரர், ஸ்டூலைச் சுவரோடு வசதியாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே. "இப்படியே போனா இன்னும் ரெண்டு மாசம் ஆகும் போல இருக்கே?"

"என்ன பண்றது?" என்றார் டைப் டீச்சர். "மேஸ்திரி சரியில்ல."